வியாழன் மாலை பிடித்தார்கள், செவ்வாய் வரை விடமாட்டார்களாம்: 15 வயதுப் பையனுக்கு இது சட்டமா?

வடகரைக்_கரும்பு | வெள்ளி, காலை 9.40

தென்னாப்பிரிக்கத் தமிழர் அனைவருக்கும் வணக்கம். அவசரம், தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், வயது 15, ஒன்பதாம் வகுப்பு. நேற்று மாலை ஒரு ஹார்ட்வேர் கடையின் பின்பக்கக் கிடங்கில் இரண்டு பெரிய ஆட்களோடு பிடிபட்டுவிட்டான். அவன் கையில் இருந்தது ஒரு டிரில் இயந்திரம். விலை 1,400 ரேண்ட் என்று கடைக்காரரே சொல்லியிருக்கிறார். இரவு அவன் அம்மா காவல் நிலையத்துக்குப் போனபோது, "இன்று வியாழன், நாளை புனித வெள்ளி, திங்களும் விடுமுறை, செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வாருங்கள்" என்று முகப்பு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையனைப் பார்க்கவும் விடவில்லை.

இன்று குடும்பமே இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்க வேண்டிய நாள். அந்த அம்மா நேர்த்திக்கடன் சேலையை மடித்து வைத்துவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வியாழனிலிருந்து செவ்வாய் வரை எப்படி எண்ணினாலும் 48 வரவில்லையே?

மாரிட்ஸ்பர்க்_வக்கீல் | வெள்ளி, காலை 10.05

வணக்கம். 48 மணி நேரக் கணக்கு இப்படி: அந்த நேரம் நீதிமன்ற வேலை நேரத்துக்கு வெளியே முடிந்தால், அடுத்து நீதிமன்றம் கூடும் நாளின் முடிவு வரை காவல் நீளலாம். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவே அந்த இடத்தைத் தந்திருக்கிறது. உங்கள் பையனுக்கு 48 மணி நேரம் சனிக்கிழமை மாலை முடிகிறது. ஞாயிறும் திங்களும் கோர்ட் இல்லை. ஆகவே செவ்வாய் என்று அவர்கள் சொன்னது கணக்கில் சரி. ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் கூடும்வரை காத்திராமலே சிறுவனை வெளியே விட வழி உண்டு.

அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். வழக்குக் கோப்பில் என்ன குற்றம் எழுதியிருக்கிறார்கள்? திருட்டா, கட்டடத்தை உடைத்து நுழைந்ததா? இதைக் கேட்டுவந்து எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வடகரைக்_கரும்பு | வெள்ளி, காலை 11.30

கேட்டுவிட்டேன். "உடைத்து நுழைந்தது" என்று எழுதியிருக்கிறார்களாம். பூட்டை நெம்பியது அந்தப் பெரிய ஆட்கள்; பையன் பின்னால் நின்றான் என்று அம்மா சொல்கிறார். அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. எந்தப் பெயரில் எழுதினால் என்ன, பொருள் அதே 1,400 ரேண்ட் டிரில்தானே?

மாரிட்ஸ்பர்க்_வக்கீல் | வெள்ளி, பிற்பகல் 12.15

பொருள் ஒன்றுதான், அட்டவணை வேறு.

2008-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், எண் 75, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றங்களை மூன்று அட்டவணைகளாகப் பிரிக்கிறது. 2,500 ரேண்டுக்கு மேற்படாத திருட்டு முதல் அட்டவணை. உடைத்து நுழைவது இரண்டாவது. கொலை, பாலியல் வன்கொடுமை, ஆயுதம் காட்டிக் கொள்ளையடிப்பது போன்றவை மூன்றாவது. முதல் அட்டவணைக் குற்றம் என்றால், கட்டாயமான காரணம் இல்லாமல் சிறுவனைக் கைது செய்வதே கூடாது. எழுத்து அறிவிப்பைக் கையில் கொடுத்துப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவதற்குப் போய்விட்டால் அந்தக் கடமை போலீஸ்காரர் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. வியாழன் மாலை ஐந்தே முக்காலுக்கு, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கான்ஸ்டபிள் எந்தச் சொல்லை எழுதினாரோ, அதுதான் உங்கள் பையனின் ஈஸ்டர் விடுமுறையைத் தீர்மானித்திருக்கிறது. நாடாளுமன்றம் பல ஆண்டு விவாதித்து நிறைவேற்றிய சட்டத்தின் கதவு அந்த ஒரு வரியில் திறக்கிறது, மூடுகிறது.

இப்போது வழி. முதல், இரண்டாம் அட்டவணைக் குற்றங்களில், முதல்முறை நீதிமன்றத்துக்கு வரும் முன்பே பிணை வழங்க அரசு வழக்குரைஞருக்கு அதிகாரம் உண்டு. விசாரணை அதிகாரியோடு கலந்து பேசி அவர் முடிவு செய்வார். விடுமுறை நாட்களிலும் முறைவைத்து ஒருவர் தொலைபேசியில் இருப்பார். நிலையப் பொறுப்பதிகாரியிடம் நேராகக் கேளுங்கள்: "கடமையில் இருக்கும் வழக்குரைஞருக்குச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் ஏன்?" குரல் உயர்த்த வேண்டாம். பதில் சொன்னவரின் பெயர், நேரம், அவர் சொன்ன பதில் ஆகியவற்றை அங்கேயே நின்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதுகிறவரைக் கண்டால் பலருக்கும் ஞாபகசக்தி வந்துவிடும்.

பையனைப் பார்க்க விடவில்லை என்பது தனிப் பிரச்சினை. காவல் நிலைய அறையில் வைத்திருக்கும் சிறுவனைப் பெற்றோர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று அதே சிறார் நீதிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்களிடமிருந்து பிரித்து வைப்பது, உணவு, தண்ணீர், போர்வை, தனிப் பதிவேடு எல்லாம் அதே பிரிவில் வருகின்றன. அந்த இரண்டு ஆட்களும் இவனும் ஒரே அறையிலா என்பதை இன்றே கேளுங்கள்.

ஃபீனிக்ஸ்_கடை | வெள்ளி, பிற்பகல் 2.50

படித்துக்கொண்டே வருகிறேன். எல்லோரும் பையனுக்குப் போர்வை கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். கடைக்காரருக்குப் பூட்டுக்கு யார் காசு தருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கடை வைத்திருக்கிறேன். என் கடையையும் உடைத்திருக்கிறார்கள். கூரைத் தகட்டை விலக்கி உள்ளே இறக்கிவிடுவது எப்போதும் சின்னப் பையனைத்தான். காரணம் உடம்பு சிறிது என்பது மட்டும் அல்ல. "அவனைப் பிடித்தால் விட்டுவிடுவார்கள்" என்பது பெரிய ஆட்களுக்குத் தெரியும். சட்டம் எவ்வளவு மென்மையோ, அவ்வளவு பையன்கள் கூரைக்கு மேலே. உள்ளே ஐந்து இரவு இருந்தால்தான் என்ன? ஐந்து இரவு என் மனைவி தூங்கவில்லை, அதற்கு எந்தப் பிரிவு?

நன்னடத்தை_மேசை | வெள்ளி, இரவு 8.20

கடைக்கார அண்ணா, உங்கள் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சமூகநலத் துறையில், பிடிபட்ட பிள்ளைகளின் நிலைமையை மதிப்பிட்டு நீதிமன்றத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். கடை உடைபட்ட வீட்டுக்கும் போயிருக்கிறேன், பையன் இருந்த அறைக்கும் போயிருக்கிறேன். அந்த ஐந்து இரவில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அலுவலருக்குத் தகவல் தர வேண்டும். தர முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். சாதாரண வாரத்தில் இது ஓரளவு நடக்கும். ஈஸ்டரிலும் டிசம்பரிலும் பட்டியலில் இருக்கும் எண் அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது ஒரே அலுவலர் பல நிலையங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார். நான் அப்படி ஓடியவள்.

மதிப்பீட்டுக்கு ஒரு பையனை அழைத்து வருவார்கள். முதலில் கண்ணில் படுவது காலணி. கயிற்றைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். நாக்கு வெளியே தொங்கும் பள்ளிக் காலணியோடு தரையைத் தேய்த்துக்கொண்டு வருவான். நாற்காலியின் நுனியில் உட்காருவான். குற்றத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் நான் கேட்பது, எப்போது சாப்பிட்டாய், யாரோடு படுத்தாய், யாராவது அடித்தார்களா என்பவை. "யாரோடு படுத்தாய்" என்பதற்குப் பதில் வரச் சில நேரம் மிகவும் தாமதமாகும். தனி அறை என்று பதிவேட்டில் இருக்கும். ஆனால் நிலையத்தில் மொத்தமே சில அறைகள்தான். வெள்ளி இரவு குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள் நிரம்பினால், பையனை நடைபாதை ஓர அறைக்கு மாற்றுவார்கள். சுவர்தான் தனி. சத்தம், வசை, மிரட்டல் எல்லாம் பொது.

பிறகு வயது. 14 நிரம்பியதா என்பது பெரிய கோடு. 12 வயதுக்குக் கீழே இருந்தால் குற்றவழக்கே தொடர முடியாது. முன்பு அது 10 வயதாக இருந்தது. 2022 ஆகஸ்ட் 19 முதல் 12 ஆக உயர்ந்தது. 12 நிரம்பி 14 ஆகாதவன் என்றால், செய்வது தவறு என்று அவன் அறிந்திருந்தான், அறிந்தபடி நடந்துகொள்ளும் திறனும் அவனுக்கு இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இதற்கெல்லாம் தாள் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பள்ளிப் பதிவு, கிளினிக் அட்டை, எதுவானாலும் அந்த அம்மா எடுத்துக்கொண்டு போகட்டும். உயரமான பையன்களை 18 என்று எழுதிவிடும் கை எல்லா நிலையங்களிலும் இருக்கிறது.

இன்னொன்று: வீட்டில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் காட்டுங்கள். பாட்டியோ, சித்தப்பாவோ, கோயில் குழுவில் பெயருள்ள ஒருவரோ வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன், கோர்ட்டுக்கு நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று சொன்னால் வழக்குரைஞருக்கும் முடிவெடுப்பது சுலபம்.

வடகரைக்_கரும்பு | சனி, இரவு 9.10

பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுடைய சித்தப்பாவும் நானும் போய், வக்கீல் ஐயா சொன்னபடி பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு நின்றோம். வேறு அதிகாரி ஒருவர் முறைக்கு வந்திருந்தார். அவரே வழக்குரைஞருக்குப் பேசினார். 500 ரேண்ட் பிணை, பாட்டி வீட்டில் தங்க வேண்டும், அந்த ஆட்களோடு பேசக்கூடாது. செவ்வாய்க்கிழமை ஆஜராக வேண்டும். இரண்டு இரவும் தனியாகத்தான் இருந்தானாம். வக்கீல் ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

கடைக்கார அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. பூட்டுக்குக் காசை அந்தச் சித்தப்பா தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஃபீனிக்ஸ்_கடை | சனி, இரவு 9.45

நல்ல சித்தப்பா. எல்லாப் பையனுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் நான் பூட்டே வாங்க வேண்டியதில்லை.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 7.15

மெரிபேங்கில் நெடுநாள் தமிழ் வகுப்பு எடுத்தவன் நான். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனாலும் இந்த இழையைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

சட்டம் மென்மை என்று ஃபீனிக்ஸ் நண்பர் சொல்கிறார். மென்மை இல்லாத காலத்தையும் பார்த்தவர்கள் நாம். 1986 நெருக்கடி நிலையில் விசாரணையே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து அடைத்தார்கள். அரசியல் வழக்கை விடுங்கள். சாதாரணத் திருட்டு வழக்கில்கூட மாஜிஸ்திரேட் பிரம்படி விதிப்பார். பலருடைய பெற்றோர், "அடித்து அனுப்பிவிடுங்கள், உள்ளே வைக்காதீர்கள்" என்று அவர்களே கேட்டதும் உண்டு. 1995 ஜூன் 9 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரம்படியை ஒழித்தது.

உள்ளே வைப்பதற்கு ஏன் அப்படிப் பயந்தார்கள்? 1992-இல் மேற்குக் கேப்பின் ராபர்ட்சன் ஊரில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் கடை உடைத்த சின்ன வழக்கில் காவல் நிலைய அறையில் இருந்தான். அதே அறையில் இருந்த மற்றவர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. சிறார் சட்டம் தனியாக வேண்டும் என்ற குரல் அதன்பின்தான் ஓங்கியது. மண்டேலா 1994 மே 24 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய முதல் உரையிலேயே சிறையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். இளம் குற்றவாளிகள் விஷயத்தில் குற்றவியல் நீதி அமைப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றார்.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் உடனே பார்த்தோம். 1995 மே மாதம் ஒரு திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, விசாரணைக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மூச்சில் சிறையிலிருந்து வெளியே விட்டார்கள். அவர்களை வைக்க இல்லங்கள் தயாராக இல்லை. சில பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. பத்திரிகைகள் கத்தின, ஃபீனிக்ஸ் நண்பரைப் போலப் பலரும் கத்தினார்கள், 1996-இல் சட்டத்தைப் பின்வாங்கி மறுபடியும் சிறைக்கு வழி வைத்தார்கள். கதவைத் திறப்பவன் முற்றத்தையும் கட்டி வைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் காப்பகத்தில் இடமில்லை என்ற பதிலைக் கேட்கும்போது எனக்கு 1995 நினைவுக்கு வருகிறது.

மிட்ராண்ட்_நெல்லை | ஞாயிறு, காலை 11.00

வாத்தியார் ஐயா, இந்த வரலாறு எனக்குப் புதிது. நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறு. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவனை எந்த நிலையிலும் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்குக் கூர்நோக்கு இல்லம். இங்கே 14 வயதுப் பையனைச் சிறைக்கே அனுப்பலாம் என்று எங்கோ படித்தேன். உலகமே புகழும் அரசியலமைப்பை வைத்துக்கொண்டு இது எப்படி?

மாரிட்ஸ்பர்க்_வக்கீல் | ஞாயிறு, பிற்பகல் 3.30

தாளில் இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கண்டிப்பானது, ஒப்புக்கொள்கிறேன். அதே சட்டம்தான், 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில், கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயது வரையுள்ளோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி திறந்தது. தென்னாப்பிரிக்காவில் 18 நிரம்பாதவன் கொலையே செய்திருந்தாலும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்தான் விசாரணை. பெரியவர்களோடு சேர்த்துக் குற்றம் சாட்டினாலும் பையனுக்கு இந்தச் சட்டம், அவர்களுக்குப் பொதுச் சட்டம்.

சிறை பற்றி. 28-ஆம் பிரிவு, அரசியலமைப்பில் உள்ள 28-ஐச் சொல்கிறேன், சிறுவனைக் காவலில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் இயன்றவரை மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும் என்கிறது. அதற்குக் கட்டுப்பட்டுத்தான் சிறார் சட்டத்தின் 30-ஆம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. பிணை மறுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது தள்ளிவைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிடைத்தும் நிபந்தனை நிறைவேறாமல் இருக்க வேண்டும். வயது 14 நிரம்பியிருக்க வேண்டும். மூன்றாம் அட்டவணைக் குற்றமாக இருக்க வேண்டும்; இரண்டாம் அட்டவணை என்றால் வலுவான தனிக் காரணம் வேண்டும். நீதி நிர்வாகத்துக்கோ பொதுமக்கள் பாதுகாப்புக்கோ அந்தப் பையனின் பாதுகாப்புக்கோ அது தேவைப்பட வேண்டும். தண்டனை விதித்தால் சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்காகவும் இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான். அப்படியே அனுப்பினாலும் 14 நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு விதி உண்டு. ஏழைக் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிணை வழங்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தபின், தொகையைச் சிறுவனோ பெற்றோரோ கட்ட முடியுமா என்று தனியாக விசாரிக்க வேண்டும். முடியாது என்றால் பணம் இல்லாத நிபந்தனையை வைக்க வேண்டும். 500 ரேண்ட் இல்லாததால் ஒரு பையன் உள்ளே இருந்தால், அவனுக்காகப் பேச வேண்டிய யாரோ பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கைது செய்வதற்கே வரம்பு உண்டு என்பதை உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. தன் தாயைக் கைது செய்ய வந்த போலீசுக்குக் குறுக்கே நின்ற 15 வயதுப் பெண்ணைப் பிடித்து, இரவு அறையில் வைத்து, மறுநாள் வழக்கில்லாமல் அனுப்பினார்கள். 2008-இல் நடந்தது, இன்றைய சட்டம் அப்போது நடைமுறைக்கே வரவில்லை. 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கைதும் காவலும் சட்டவிரோதம் என்றது. ஒரு பிள்ளையைப் பிடிக்குமுன் அந்தப் பிள்ளையின் நலனை எடைபோட வேண்டும். கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது என்பதால் மட்டும் கைது செய்துவிடக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஃபீனிக்ஸ்_கடை | ஞாயிறு, மாலை 6.05

சரி ஐயா, வைக்கக்கூடாது, பிடிக்கக்கூடாது, காசும் கேட்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் என்ன செய்வார்கள்? தலையைத் தடவி, இனிமேல் செய்யாதே என்று சொல்லி அனுப்புவார்கள். என் வழக்கில் அதுதான் நடந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் ஏதோ வகுப்புக்குப் போனானாம், முடிந்ததாம். ஒரு நாள் கடைக்கு ரொட்டி வாங்க வந்தான். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நன்னடத்தை_மேசை | ஞாயிறு, இரவு 8.40

உங்களைக் கேட்காமல் விட்டது தவறு, அண்ணா. வழக்கைத் திசைதிருப்புமுன், அதாவது விசாரணைக்குப் பதிலாக வேறு திட்டத்துக்கு மாற்றுமுன், பாதிக்கப்பட்டவரின் கருத்தை அறிய வேண்டும். அது முறையாக நடக்காத இடங்கள் இருக்கின்றன.

ஆனால் தலையைத் தடவி அனுப்புவது என்று சொன்னதை ஏற்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை நடப்பது பூர்வாங்க விசாரணை. கூண்டு இல்லை, மாஜிஸ்திரேட், வழக்குரைஞர், பையன், பெற்றோர், நன்னடத்தை அலுவலர் எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவது. காலில் விலங்கு போடவே கூடாது; கைவிலங்கும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். பையன் தன் பொறுப்பை யாரும் வற்புறுத்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். வழக்கை நடத்தினால் நிற்கும் அளவுக்குச் சான்று இருக்க வேண்டும். அவனும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். பிறகுதான் திசைதிருப்பல். எழுத்தில் மன்னிப்பு, இழப்பீடு, சமூக சேவை, தவறாமல் பள்ளிக்குப் போவதற்கான உத்தரவு, மாலை வேளையில் குடும்பத்தோடு இருக்கும் உத்தரவு என்று பல வடிவம் உண்டு. மீறினால் வழக்கு மறுபடியும் திரும்பி வரும். சில பையன்கள் என்னிடம், "அடித்து அனுப்பியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை நண்பர்கள் பந்து விளையாடும் நேரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து, தன்னால் தூக்கம் கெட்ட ஒரு வீட்டைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குச் சுலபமாக இல்லை.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் பையனும் நீங்களும் நேரில் உட்கார்ந்து பேசும் ஏற்பாடும் சட்டத்தில் இருக்கிறது. ரொட்டி வாங்க வருவதற்கு முன்னால் அது நடந்திருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_அம்மா | ஞாயிறு, இரவு 10.20

இழைக்குச் சற்று வெளியே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மகன் படிக்கும் பள்ளியில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கஞ்சா தெரிந்தால் போலீசுக்குக் கொடுப்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். அதற்கும் இப்படி அறையில் வைப்பார்களா?

மாரிட்ஸ்பர்க்_வக்கீல் | திங்கள், காலை 8.10

இழைக்கு வெளியே இல்லை அம்மா, நடுவில்தான் இருக்கிறது. இதே நிலைமை ஜோகன்னஸ்பர்க் பக்கம் நடந்தது. பள்ளியில் பரிசோதித்துக் கஞ்சா தெரிந்த நான்கு பிள்ளைகள். முதல் அட்டவணைக் குற்றம். திசைதிருப்பல் திட்டத்தில் சேர்த்தார்கள். ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்று பிறகு காப்பகத்தில் கட்டாயமாகத் தங்க வைத்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் தன் வீட்டுக்குள் புகைத்தால் 2018 தீர்ப்புக்குப் பின் குற்றமில்லை. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் பூட்டிய காப்பகம்.

வழக்கு மேலே போனது. 2022 செப்டம்பர் 29 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளைகள் கஞ்சா பயன்படுத்தியதற்கோ வைத்திருந்ததற்கோ அவர்களைக் குற்றவாளியாக்கும் பிரிவு செல்லாது என்றது. அதற்குப் பொருள் கஞ்சாவுக்கு அனுமதி என்பது இல்லை. சமூகநலத் துறையும் சிகிச்சையும் கையாள வேண்டிய விஷயம் என்பது. பிள்ளைக்கு விற்றவர்மேல், கொடுத்தவர்மேல் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தலைமையாசிரியர்கள் தேதிக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுப்பார்கள்.

மிட்ராண்ட்_நெல்லை | திங்கள், காலை 9.30

எனக்கு ஒன்று இன்னும் தீரவில்லை. எல்லாப் பிரிவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பையன் வெளியே வந்தது ஒரு சித்தப்பா, ஒரு அண்டை வீட்டுக்காரர், ஒரு வக்கீல், எல்லோரும் விடுமுறையிலும் கைபேசியைப் பார்த்ததால். அவனுடைய அதே அட்டவணை, அதே வயது, ஆனால் கேட்க ஆள் இல்லாத பையன் இன்று காலையும் அதே கட்டடத்தில் எங்கோ இருக்கிறான். விடுமுறை நாட்களில் பூர்வாங்க விசாரணைக்கு ஒரு மாஜிஸ்திரேட்டை முறைவைத்து உட்கார வைத்தால் என்ன? எங்கள் ஊரில் ரிமாண்டுக்கு நீதிபதியின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோவார்கள், ஞாயிறென்று பார்க்க மாட்டார்கள்.

பழைய_வாத்தியார் | திங்கள், காலை 10.15

அது நல்ல யோசனை, தம்பி. 1990-களில் போர்ட் எலிசபெத்தில் போலீஸ், நன்னடத்தை அலுவலர், வழக்குரைஞர், நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து ஒரு சிறார் மையம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட மையங்களை நாடு முழுக்க அமைக்கவும் இன்றைய சட்டத்தில் இடம் இருக்கிறது. டர்பனைப் போன்ற ஊருக்கு ஒன்று போதாது, மூன்று வேண்டும். காசு எங்கே என்பார்கள். ஐந்து இரவு காவல் காப்பதற்கும் காசு ஆகிறதே.

ஃபீனிக்ஸ்_கடை | திங்கள், பிற்பகல் 1.00

மையம் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. நான் முதலில் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. கூரைக்கு மேலே பையனை ஏற்றிவிட்ட பெரிய ஆட்களுக்கு என்ன? என் கேமராவில் அவர்கள் முகம் தெரிகிறது. பையன் வகுப்புக்குப் போனான். அவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள்.

மாரிட்ஸ்பர்க்_வக்கீல் | திங்கள், பிற்பகல் 2.20

இந்தக் கேள்விக்குப் பதில் சட்டத்தில் நேராகவே இருக்கிறது, பலர் எடுத்துப் பார்ப்பதில்லை. குற்றம் செய்யச் சிறுவனைப் பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், எண் 38-இன் 141-ஆம் பிரிவில் தனிக் குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு போலீசும் நன்னடத்தை அலுவலரும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. உடைத்து நுழைந்த வழக்கு தனி, இது தனி. பையனின் வழக்கு திசைதிருப்பப்பட்டதால் இது மூடிவிடாது. அவன் சாட்சி சொல்லும் நிலைக்கு வந்தால் இன்னும் வலுவாகும்.

கேமராவில் உள்ள மூலப் பதிவை அழியவிடாதீர்கள். பல கருவிகள் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். ஒரு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். பதிவைத் தெருக் குழுக்களில் போட வேண்டாம். பையனின் முகம் அதில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது உங்கள்மேலேயே வழக்காகும். பிறகு நிலையத்தில் 141 என்ற எண்ணைச் சொல்லிப் புதிய புகார் எழுதுங்கள், பழைய வழக்கு எண்ணை அதில் குறிப்பிடுங்கள். எழுத மறுத்தால் பெயர், நேரம், பதில், தாள். முறை உங்களுக்குத் தெரியும்.

ஃபீனிக்ஸ்_கடை | திங்கள், பிற்பகல் 2.45

புதன்கிழமை போகிறேன். அக்கா, அந்த நேரில் உட்கார்ந்து பேசும் ஏற்பாட்டுக்கு வழக்கு முடிந்த பிறகும் கேட்க முடியுமா?

நன்னடத்தை_மேசை | திங்கள், பிற்பகல் 3.05

நீதிமன்ற உத்தரவாக முடியாது, அண்ணா. அவனுடைய வகுப்பை நடத்திய அலுவலர் மூலம் கேட்டுப் பார்க்கலாம். அவனும் அவன் வீட்டாரும் சம்மதித்தால் நடக்கும். எந்த அலுவலகம் என்பதை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.